சகலைக்காகப் போட்ட கதவு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலத்தில் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்குவதற்குக் காரணம் என் அக்கா வீட்டுக்காரர். உளுந்தூர்பேட்டையில் அவருக்கு அரிசி மண்டி. எங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவர் கார் வாங்கி, அதை நிறுத்த வீட்டுப் பக்கத்தில் ஷெட்டு கட்டி, ஷெட்டுக்குத் தேக்கு மரத்தில் இரட்டைக் கதவு போட்டிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பது மாதிரி கதவைப் பார்க்க எங்களை அழைத்தார். கதவின் மேல் முட்டியால் தட்டித் தட்டிக் காட்டினார். "சத்தத்தைக் கேளுங்க சகலை. கெட்டி மரம். இந்தச் சத்தம் வேற எதுலயும் வராது" என்றார்.

பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வரும்போது என் கணவர் தியாகதுருகம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தியாகதுருகம் தாண்டியதும், "நாமளும் ஒண்ணு வாங்கணும்" என்றார். கார் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். நான் அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவருக்குக் கடைத்தெருவில் பம்ப்செட் மோட்டார் வியாபாரம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள்தான் முக்கால்வாசிப் பேர் வாடிக்கை. அப்படி வந்த ஒருவர் மூலமாகக் கார் வந்தது. கார் வந்த அன்று ராத்திரியே கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் 'ஒண்ணு' என்று அவர் சொன்னது எது என்று எனக்குப் புரிந்தது.

முதலில் ஆசாரியைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டு ஜன்னல், கட்டில், பூஜை அலமாரி எல்லாம் அவர் செய்தவைதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்காக ஒழித்து வைத்திருந்த எங்கள் பழைய ஷெட்டின் வாயை அளந்தார். ஒன்பதடி அகலம், ஏழடி உயரம். அளந்துவிட்டு ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தார்.

"தேக்குல கேக்குறீங்க. மரம் விக்கிற விலை தெரியுங்களா?" என்றார்.

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"மரம் மட்டும் இல்லிங்க. அவ்ளோ அகலத்துக்குப் பலகை ஜாஸ்தி போவும். பலகை ஜாஸ்தி ஆனா கனம் ஜாஸ்தி. கனத்துக்கு ஏத்த கீலு வேணும், சேலத்துல இருந்துதான் வரணும். கீலைத் தாங்க தூணு வேணும். உங்க தூணைப் பாத்தா, கதவை மாட்டுன அன்னிக்கே கதவோட சேர்ந்து தூணும் வந்துடும்."

"அப்ப?"

"தூணை இடிச்சுக் கட்டணும். தூணை இடிச்சா மேல கூரையைப் பிரிக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல, ஒரு கதவு போடுவதற்காக என் வீட்டையே இடித்துக் கட்ட வேண்டியிருக்கும் போலிருந்தது. கடைசியில் அவர் சொன்ன தொகை, கார் வாங்கியதில் பாதி. என் கணவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். ஆசாரிக்கு முகம் விழுந்துவிட்டது. யோசிச்சுச் சொல்றேன் என்றவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் கடையில் மோட்டார் வாங்க வந்த ஒருவர், இரும்புத் தகட்டில் கதவு செய்து அதன்மேல் மரம் மாதிரியே பெயிண்ட் அடிக்கலாம் என்று இவர் காதில் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். சாயங்காலமே வெல்டிங் பட்டறையில் நின்றார். அங்கேயும் சும்மா இல்லை. தகட்டின் கனம் எத்தனை கேஜ் என்பதில் விலை ஏறியது. மெல்லிசாகப் போட்டால் காற்றுக்கு உப்பும், கனமாகப் போட்டால் கனத்துக்கு விலை. பலகை பலகையாகத் தெரிய வேண்டுமானால் தகட்டை மடித்துக் கோடு கோடாக வளைக்க வேண்டும், ஒவ்வொரு மடிப்புக்கும் கூலி. நடுவில் இரண்டு நாள் சாலை மறியல் வந்தது. சேலத்திலிருந்து தகடு வந்த லாரி சின்னசேலத்தில் நின்றுவிட்டது. லாரி வாடகை கூடிப்போனதால் தகடும் கூடிப்போனது. "போராட்டம் நடக்குது சார், நான் இன்னா பண்றது" என்றார் பட்டறைக்காரர். அந்த வருஷம் கள்ளக்குறிச்சியில் காய்கறிக்காரரிலிருந்து சலவைக்காரர் வரை எல்லோரும் விலை ஏற்றும்போது சொன்ன வாக்கியம் அது.

தகடு கதவானது. ரெட் ஆக்ஸைடு பூசி, செக்கச்செவேல் என்று முற்றத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். இனி மரமாக வேண்டியதுதான் பாக்கி.

ஊரில் அந்த வேலை தெரிந்த பெயிண்டர் ஒரே ஒருவர். போர்டு எழுதுகிறவர். அவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. போராட்டக்காரர்களின் சுவரெழுத்தெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. பகலில் சங்கராபுரம் ரோட்டில் கோஷம் எழுதுவார். அதே சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கூப்பிட்டால் மறுநாள் போய் அதையும் அவரே அடிப்பார். வெள்ளை காய்ந்ததும் முதல் ஆட்கள் மறுபடி கூப்பிடுவார்கள்.

"எப்பப்பா வருவே?" என்று இவர் கேட்டார்.

"போராட்டம் முடியட்டுங்க."

"அது எப்ப முடியும்?"

"அது என் கையிலயாங்க இருக்கு?"

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர். விரலெல்லாம் பல வண்ணம். கதவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மளிகைக் கடையில் கேட்பது மாதிரி கேட்டார்.

"இன்னா மரம் வேணும்? தேக்கா, வேங்கையா, ரோஸ்வுட்டா?"

"தேக்கு."

"இளந்தேக்கா, முத்துன தேக்கா? முத்துனதுன்னா ரேகை நெருக்கமா வரும். கூலி ஜாஸ்தி."

"முத்துனதுதான்."

"கணு வேணுமா?"

"கணுன்னா?"

"மரத்துல கிளை இருந்த எடத்துல வட்டமா ஒண்ணு இருக்குமே. அது வெச்சாத்தான் நெஜ மரம்னு நம்புவாங்க. கணு ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசுங்க."

நல்ல மரத்தில் கணு இருந்தால் ஆசாரி விலையைக் குறைப்பார். பொய் மரத்தில் அதற்கே விலை அதிகம். இதை நான் அன்று அங்கேயே சொன்னேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. பெயிண்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"எத்தனை அடி தள்ளி நின்னு பாப்பாங்க?"

என் கணவருக்குக் கேள்வி புரியவில்லை.

"ரோட்டுல இருந்து பாக்குறதுன்னா ஒரு ரேட்டு. பத்தடியில பாக்குறதுன்னா ஒரு ரேட்டு. மூணடின்னா மூணு கோட்டிங் அடிக்கணும், சீப்பு பிடிக்கணும், வார்னிஷ் போடணும்."

"தொட்டுப் பாத்தா?"

"தொடுறவங்களுக்கு நான் பொறுப்பில்லிங்க."

மூன்றடி ரேட்டுக்கு முடிந்தது. ஆறு கணு. உள்பக்கம் வேண்டாம், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதை ரெட் ஆக்ஸைடோடு விட்டுவிட்டார்கள்.

அவர் வேலை செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். மஞ்சளாக ஒரு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் பழுப்பு. பழுப்பு ஈரமாக இருக்கும்போதே, பல் உடைந்த தலைசீப்பு ஒன்றை வைத்து மேலிருந்து கீழே மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். இழுத்த இடத்தில் மரம் வந்தது. சும்மா கோடு இல்லை. வளைந்து, நெருங்கி, விலகி, வருஷக் கணக்கில் மழையும் வெயிலும் பார்த்த மரம். கட்டைவிரலில் துணியைச் சுற்றி ஒரு திருகு திருகினார், கணு வந்தது. நான் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசம் வந்த பிறகுதான் நம்பினேன்.

இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் என் பெண்ணின் காதுகுத்து. அக்காவும் மாமாவும் வருவார்கள். வருகிற அன்று கார் வாசலில் நிற்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு மாமா மூன்றடிக்குத் தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதுதான் என் கணவரின் திட்டம். ஒரு நாள் திட்டம்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலமே அவர்கள் காரில் வந்துவிட்டார்கள். வண்டியை விட்டு இறங்கிய மாமா நேராகக் கதவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா சகலை, சொல்லவே இல்ல! தேக்கா?"

"ஆமாங்க, சும்மா ஒண்ணு போட்டேன்."

மாமா கையை நீட்டிக்கொண்டு போனார். என் கணவர் குறுக்கே பாய்ந்தார். "வார்னிஷ் காயலிங்க! தொட்டா கை ஒட்டிக்கும்!"

மாமா கையை இழுத்துக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு அடுத்த ஏழு நாட்கள் அவர் சிரிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஊரைச் சுற்றி எல்லா ரோட்டிலும் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் மட்டும் எத்தனை புளியமரம் கிடந்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. நகை ஆசாரி வரவில்லை. காதுகுத்து நின்றுபோனது. வந்த விருந்தாளிகள் போக வழியில்லை. இரண்டு வீட்டுக் காரும் வாசலில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றன, போக இடமில்லாமல்.

அந்த வாரம் வேடிக்கை இல்லை. ரேடியோவிலும், சைக்கிளில் வருகிறவர்கள் வாயிலும் கெட்ட செய்திதான் வந்தது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. என் வகுப்பில் படித்த ஒரு பெண் ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது கையில் ஸ்லேட்டுகூட இல்லை. கேட்டதற்கு, "வூடு எரிஞ்சிடுச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரத்தில் நாங்கள் ஒரு கதவைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம் என்பதை எழுத இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் செய்தோம்.

மாமாவுக்குச் சும்மா இருக்க முடியாது. மண்டியில் நாள் முழுக்க மூட்டை குத்திப் பார்த்துப் பழகிய கை. காலையில் காபி குடித்ததும் கதவிடம் போவார். என் கணவர் பின்னாலேயே போவார்.

"காஞ்சிடுச்சா சகலை?"

"இல்லிங்க, இன்னும் ஈரம்."

"இது இன்னா வார்னிஷு? என் வூட்டுல ரெண்டே நாள்ல காஞ்சிடுச்சே."

"இது உசந்த வார்னிஷுங்க. மெதுவாத்தான் காயும்."

மூன்றாம் நாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கிடா ஒன்று ராத்திரி யாரோ கதவில் ஒட்டி, விடிவதற்குள் இவர் கிழித்துவிட்ட போஸ்டரின் மிச்சப் பசையை மோந்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்து ஓங்கி ஒரு முட்டு முட்டியது. 'டாங்' என்று கோயில் மணி மாதிரி தெருவே அதிர்ந்தது. என் கணவருக்கு ரசம் சாதம் புரை ஏறிவிட்டது.

"இன்னா அது?" என்றார் மாமா.

"பக்கத்து வூட்டுல தண்ணி டிரம்முங்க. காலியா இருந்தா இப்படித்தான் கத்தும்" என்றார் என் கணவர், இருமிக்கொண்டே.

மாமா மோர் கேட்டார். அக்கா அவர் இலையில் ஊற்றிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் பார்த்தேன், ஆனால் என்னவென்று விளங்கவில்லை.

ஏழாம் நாள் ரோட்டில் மரங்களை அகற்ற ஆரம்பித்திருந்தார்கள். மாமாவும் அக்காவும் மறுநாள் கிளம்பலாம் என்று பையைக் கட்டினார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாசலில் ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டையில் ஒரு ரேஞ்சரும், நோட்டு வைத்துக்கொண்டு ஒரு ஃபாரஸ்ட் கார்டும் இறங்கினார்கள். வனத்துறை.

"நீங்கதானே மோட்டார் கடை? ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. ஊர்ல மரம் வெட்டுன கலாட்டாவுல கல்வராயன் மலையில இருந்து தேக்கு இறக்கிக் கதவு போட்டிருக்கீங்கன்னு" என்றார் ரேஞ்சர்.

கார்டு கதவுக்கு நாலடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஐயா, மலைத் தேக்குதாங்க. ரேகையைப் பாருங்க. குறைஞ்சது அறுபது வருஷத்து மரம்" என்றார். ஆறு கணுவையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டார்.

"மர டிப்போவுல வாங்குன ரசீது இருக்கா?" என்றார் ரேஞ்சர்.

'ஐயா, இது தகரம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜீப் போய்விடும். ஆனால் மாமா வாசற்படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் ரேஞ்சரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"இருக்குங்க. தேடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சமையல்கட்டில் என்னைப் பிடித்தார்.

"ரசீது எங்க?"

"எந்த ரசீது? தகடு வாங்குன ரசீதா?"

"மெதுவா பேசு! இதுக்கு ஃபைன் எவ்ளோ இருக்கும்?"

"ஃபைன் இல்லிங்க, இதுக்கு ஜெயிலு."

அவர் யோசித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நின்று யோசித்தார். "எத்தினி மாசம்?" என்றும் கேட்டார். பதினோரு வருஷம் குடும்பம் நடத்திய ஆளை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

"இரு, இரு. சாயங்காலம் சகலை கடைத்தெருவுக்குப் போவாரு. அப்ப ரேஞ்சர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிடறேன். அது வரைக்கும் தேக்காவே இருக்கட்டும்."

நாங்கள் வெளியே வந்தபோது கார்டு கதவைப் பறிமுதல் செய்ய மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். 'முதிர்ந்த தேக்கு, இரட்டைக் கதவு' என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியது கேட்டது. ரேஞ்சர், கதவைத் திறந்து உள்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். உள்பக்கம் சிவப்பு. என் கணவர் சாவி காணவில்லை என்றார். சாவி அவர் அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது, வேட்டிக்கு வெளியே.

ரேஞ்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவி இல்லேன்னா தள்ளித் திறப்போம்" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கதவின் மேல் அழுத்தினார்.

அது மேற்குப் பார்த்த கதவு. மத்தியானத்திலிருந்து மூன்று மணி நேரம் கள்ளக்குறிச்சி வெயில் அதன்மேல் நேராக அடித்துக்கொண்டிருந்தது. தோசைக்கல் அவ்வளவு காய்ந்திருந்தால் நான் அடுப்பைக் குறைத்திருப்பேன்.

"ஐயோ, அம்மா!" என்று ரேஞ்சர் துள்ளிப் பின்னால் வந்து கார்டின் மேல் விழுந்தார். நோட்டு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். நான் உள்ளே ஓடி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினேன். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று.

கார்டு மெதுவாகப் போய்ப் பேனாவின் பின்பக்கத்தால் கதவைத் தட்டினார். டங்.

"ஐயா," என்றார், "தகரங்க."

ரேஞ்சர் என் கணவரைப் பார்த்தார். "யோவ், இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாய்யா உனக்கு?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு மாமா பக்கம் கையைக் காட்டினார். ரேஞ்சருக்கும் ஒரு சகலை இருந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. ஈரக் கையை உதறிக்கொண்டே கதவுக்கு மூன்றடியில் நின்று மறுபடி பார்த்தார். பிறகு எழுதியதைக் கிழிக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, "இதை யாரு அடிச்சது?" என்று கேட்டார். பெயிண்டர் வீட்டுக்கு வழி சொன்னோம். ஜீப் போய்விட்டது.

இப்போது மாமா மட்டும் பாக்கி. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, துண்டை விரலில் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டினார். மறுபடி ஒரு முறை தட்டினார்.

"எனக்கு மூணாம் நாளே தெரியும் சகலை. கிடா முட்டுன அன்னிக்கே."

என் கணவர் நிமிர்ந்தார். "அப்ப தினமும் காலையில வார்னிஷ் காஞ்சிடுச்சான்னு கேட்டீங்களே?"

"வேற இன்னா பண்றது? ரோடெல்லாம் மரம் கெடக்குது, மண்டி இல்ல, பேப்பர் வரல. எனக்குப் பொழுது போவணுமே."

அக்கா உள்ளேயிருந்து சொன்னாள், "அன்னிக்கே சொல்லிச் சிரிக்கலாம்னு எழுந்தாரு. வாயைத் தொறந்தீங்கன்னா மூட்டை முடிச்சோட நடத்தியே உளுந்தூர்பேட்டை கூட்டிக்கினு போயிடுவேன்னு சொன்னேன்." பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். மாமா சிரித்தார். நான் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தேன். என் கணவர் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போய், சிவப்புப் பக்கத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு வந்தார்.

மறுநாள் அவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஆசாரி வந்தார். நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கடுதாசி எழுதுனது நான்தாங்க. ரோட்டுல போவும்போது பாத்தேன். என்னாண்ட விலை கேட்டுட்டு, திருட்டு மரம் வாங்கி வேற ஆளை வெச்சு செஞ்சுட்டீங்கன்னு மனசு எரிஞ்சுடுச்சு. நாப்பது வருஷமா மரத்துல கை வெச்சிருக்கேன். எனக்கே தெரியலிங்க."

என் கணவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் அந்த வாரத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. "ஆசாரி, உங்களுக்கே தெரியலியா?" என்றார். அதையே நாலு முறை கேட்டார். காபி கொடுக்கச் சொன்னார். நின்றுபோன காதுகுத்துக்குப் புது மணை ஒன்று செய்யும் வேலையையும் அங்கேயே அவரிடம் கொடுத்தார்.

காதுகுத்து தையில் நடந்தது. பெயிண்டர் அதற்குள் பெரிய ஆளாகிவிட்டார். ரேஞ்சர் தன் வீட்டு இரும்பு பீரோவுக்கே மர ரேகை அடிக்கச் சொன்னாராம். அது ஊரெல்லாம் பரவி, டாக்டர் வீடு, ரைஸ்மில் வீடு என்று பெயிண்டருக்கு நேரமே இல்லை. இரண்டு வருஷத்தில் எங்கள் கதவில் வெயில் பட்ட பக்கம் உரிந்து, அறுபது வருஷத்து மரத்துக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. மறுபடி அடிக்கக் கூப்பிட்டோம். முதல் தடவை வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார்.

"என்னப்பா, என் கதவாலதானே உனக்கு இவ்ளோ பேரு வந்தது?" என்றார் என் கணவர்.

"அதனாலதாங்க ரெண்டு மடங்கு. பேரு இல்லாத காலத்துல உங்களுக்குக் கம்மியா அடிச்சிட்டேன்."

இவர் அரை நாள் பேரம் பேசினார். படியவில்லை. கடைசியில் பெயிண்ட் கடையில் ஒரு டின் பச்சை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ஒரு கதவு, நான் ஒரு கதவு என்று அடித்தோம். என் பக்கம் சீக்கிரம் முடிந்தது. அவர் பக்கத்தில் கணு இருந்த இடமெல்லாம் தூரிகையை மெதுவாக்கி, அதன்மேல் ஒரு முறை கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பச்சை பூசினார். திங்கட்கிழமை நான் தலைமுடியில் பச்சையோடு பள்ளிக்குப் போனேன். என்ன டீச்சர் என்று கேட்ட எல்லோரிடமும், வீட்டில் பெயிண்ட் வேலை என்று மட்டும் சொன்னேன்.